நாங்கள் அதிகமாய் இருக்கும் ஊரில்

தண்ணீரூற்று

அன்புள்ள மகள்,

முல்லைத்தீவுக் குருந்தூர்மலைச் செய்திகளை வாசித்துவிட்டு, "பெரியப்பா, கும்பிடுவதைக்கூட ஏன் தடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். ஆறுதலாய் எழுத வேண்டிய பதில் இது.

நடந்ததை முதலில் சரியாய்த் தெரிந்துகொள். எங்கள் சனம் ஆதி ஐயனாரைக் கும்பிட்டுவந்த அந்த மலையில் 2021 ஜனவரியில் தொல்லியல் அகழ்வு தொடங்கியது. பிறகு விகாரைக் கட்டுமானம் எழுந்தது. 2022 ஜூலையில் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லியும் வேலை நடந்தது. 2023 ஜூலையில் பொங்கப் போனவர்கள் தடுக்கப்பட்டார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதவான் ரி. சரவணராஜா, உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி அதே ஆண்டு செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிலிலும் இதே கதைதான். நீதிமன்றம் கூடாது என்ற பிறகும், 2019இல் ஒரு பிக்குவின் உடலைத் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் எரித்தார்கள்.

மலையில் பழைய பௌத்த எச்சங்கள் இருக்கலாம். அவற்றைப் பாதுகாக்கத்தான் வேண்டும். அதற்காக இன்று கும்பிடுகிறவனை விரட்டத் தேவையில்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சமயச் சுதந்திரம் கொடுக்கிறது. அதிகாரிகள் முதலாவதை மட்டும் கையில் எடுக்கும்போது அநியாயம் நடக்கிறது.

சமயத்தின் பெயரால் சனத்தை ஒடுக்குவது உலகம் முழுவதும் நடக்கிறது. 2014இல் ஈராக்கின் சிஞ்சாரில் யசீதி சமயத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2017இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கிய முஸ்லிம்கள் மியன்மாரிலிருந்து வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அஹ்மதியர்கள் முஸ்லிம்களே அல்ல என்று 1974இல் பாகிஸ்தான் அரசியலமைப்பிலேயே எழுதியது. பல இடங்களில் தொடக்கம் இதுதான்: ஒருவர் செய்த குற்றத்தை ஒரு சமயத்தவர் எல்லோரின் தலையிலும் கட்டுவது.

இனி, நீ கேட்காததையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அதில் எங்கள் தண்ணீரூற்று முஸ்லிம்களும், நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் சனமும் அடக்கம். அவர்கள் பேசியதும் தமிழ்தான். வீடு வாசல், வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். பலருக்குப் புத்தளத்து முகாம்களே இருபது வருட வாழ்க்கையாகிவிட்டது. கிழக்கில் நடந்த கொலைகளைப் புலிகள் காரணமாய்ச் சொன்னார்கள். அங்கே தமிழரும் கொல்லப்பட்டது உண்மை. அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதும் உண்மை. எந்தக் கொலையும் தண்ணீரூற்றில் கடை வைத்திருந்தவரின் குற்றமாகாது. 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அது அநீதி.

நாட்டில் நாங்கள் சிறுபான்மை. இந்த ஊரில் பெரும்பான்மை. குருந்தூர்மலையில் நாங்கள் கேட்கும் நீதியை, எங்களுக்குப் பலம் உள்ள இடத்தில் மற்றவர்களுக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. கொடுக்காவிட்டால், நாங்கள் கேட்பது நீதியாக இராது, எங்கள் முறை வரட்டும் என்பதாகவே இருக்கும்.

போருக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் உன் வயதில் இங்கே இருக்கிறார்கள். அவர்களோடு பழகு. அவர்களின் தாய் தகப்பனிடம் 1990இல் என்ன நடந்தது என்று கேள். குறுக்கே பேசாமல் கேள். காணிப் பிரச்சினை வந்தால் உறுதியைப் பார், ஆளின் சமயத்தைப் பார்க்காதே. பகிடி என்ற பெயரில் ஒரு சமயத்தை யாராவது இழிவாய்க் கதைத்தால், அவர் பெரியப்பாவாயிருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்து.

பிறகு குருந்தூர்மலைக்காகவும் குரல் கொடு. அப்போதுதான் உன் குரலுக்கு வலு இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா