கெல்லி கோட்டையின் மேல்தளம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு உயரத்தில் நடப்பது புதிதன்று. சரிவில் தேயிலைச் செடிகளுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் அவர்கள். அத்தகைய மாணவர்கள் சிலர், தமிழ்மொழிக் கழகச் சுற்றுலாவாகக் கோட்டை ஒன்றன் உச்சியில் நடந்து பார்க்கப் புறப்பட்டனர். பேருந்து கம்போங் ராஜாவைக் கடந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கியது. காலையில் அணிந்த குளிராடைகளைப் பாதி வழியிலேயே கழற்ற வேண்டியதாயிற்று.

பேரா மாநிலம், பத்து காஜாவுக்கு அருகில் இருக்கிறது கெல்லி கோட்டை. பெயர்தான் கோட்டை, இது போருக்காகக் கட்டப்பட்டதன்று. ஸ்காட்லாந்திலிருந்து இளைஞராக மலாயாவுக்கு வந்து, இரப்பர்த் தோட்ட முதலாளியாக உயர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. ஆறு மாடிக் கோபுரத்திற்கு மின்தூக்கி, வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் திடல், விருந்தினரை உபசரிக்க மேல்தளத்தில் முற்றம் என அவருடைய திட்டம் பெரிதாக இருந்தது. திட்டமிட்டபடி முடிந்திருந்தால், மலாயாவின் முதல் மின்தூக்கி இங்குதான் ஓடியிருக்கும். கட்டட வேலைக்கு மதராசிலிருந்து தமிழர்கள் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தன.

குறுகலான படிக்கட்டில் ஒருவர்பின் ஒருவராக ஏறி, மாணவர்கள் மேல்தளத்தை அடைந்தனர். பூச்சில்லாத சுவர்களில் செங்கற்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

“ஐயா, பழுது பார்க்கிறார்களா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“இல்லையம்மா. கட்டியே முடிக்கவில்லை,” என்றார் ஆசிரியர்.

1926இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குச் சென்றிருந்த கெல்லி ஸ்மித், நிமோனியாவால் அங்கேயே இறந்துபோனார். அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார். வேலை நின்றது நின்றதுதான்.

கிழக்கே மலைத்தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடந்தது. “நம் தோட்டம் அந்தப் பக்கம்தான்,” என்று ஒருவன் கைகாட்டினான். இந்த மாளிகை பாதியில் நின்ற மூன்றாண்டுகளில், அதாவது 1929இல், அம்மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கும் காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களுள் தமிழர் பலர். செங்கல் சுமந்தவர்களும் கொழுந்து பறித்தவர்களும் ஒரே கடலைக் கடந்து வந்தவர்கள்.

கோட்டையைப் பற்றிச் சுரங்கப்பாதைக் கதைகளும் பேய்க்கதைகளும் ஏராளம். அவற்றைவிடக் கேட்கத் தக்கது அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் வரலாறு. கட்டட வேலை நடந்த காலத்தில், உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் தொழிலாளர்களிடையேயும் பரவியது. பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் அஞ்சி, அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என முதலாளியிடம் கேட்டனர். அவர் மறுக்கவில்லை. நன்றிக்கடனாக அவர்கள் அக்கோயிலில் தெய்வ உருவங்களோடு அவருக்கும் ஒரு சிலை வைத்தனர். மாளிகைக்கு இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். கோயிலுக்கோ மக்கள் கும்பிட வருகிறார்கள்.

மாணவர்கள் அங்கும் சென்றனர். அண்ணாந்து பார்த்துத் தேடியதில், தெய்வங்களுக்கிடையே தொப்பியணிந்த வெள்ளைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“கட்டியவர்களின் சிலை எங்கே ஐயா?” என்றாள் அதே மாணவி.

ஆசிரியர் கோட்டை இருந்த திசையைக் காட்டினார். “அந்தச் செங்கல் வரிசையைப் பார்த்தாயே, எவ்வளவு நேராக இருந்தது!” என்றார்.

மாலையில் மலைச்சாலையில் மூடுபனி இறங்கிவிடும். ஓட்டுநர் இருமுறை ஹார்ன் அடித்துவிட்டார்.