நூற்றெட்டும் ஆயிரத்தெட்டும்



எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும் டியூஷன் வகுப்பில், ஆண்டு 3 பிள்ளைகளுக்கு நான் கணிதம் சொல்லித் தருகிறேன். பொறியியல் படிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பில்தான் போனேன். ஒரே ஒரு எண் என்னைத் திணற வைத்துவிட்டது.

"நூற்றெட்டு எழுதுங்க" என்றேன். ஒரு பையன் 1008 என்று எழுதினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் நோட்டைக் கையால் மூடிக்கொண்டான். நானும் அவசரப்பட்டு, "தம்பி, நடுவுல ஒரு சுழியம்தான் வரும், ரெண்டு வராது" என்று சொல்லிவிட்டேன். அடுத்து "ஆயிரத்தெட்டு" என்றேன். அவன் 108 என்று எழுதிவிட்டு, "நீங்கதானே அண்ணா ஒன்னுதான் வரும்னு சொன்னீங்க?" என்று கேட்டான். தப்பு என்னுடையது.

வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். நூறு என்றால் 100, எட்டு என்றால் 8. காதில் விழுந்ததை அப்படியே வரிசையாக எழுதினால் 1008 தானே வரும்? நம் பழைய தமிழ் எண்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதினார்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்றெட்டு என்றால் ௱௮. அதற்குச் சுழியமே தேவைப்படவில்லை. இன்றைய முறையில் நூறுக்குத் தனிக் குறி இல்லை. இலக்கம் நிற்கும் இடம்தான் அதன் மதிப்பைச் சொல்கிறது. அதனால்தான் இதற்கு இடமதிப்பு என்று பெயர். அந்தப் பையன் யோசிக்காமல் எழுதவில்லை. இடம் என்றால் என்ன என்பதை நான்தான் காட்டவில்லை.

அடுத்த வாரம் அம்மனுக்கு 108 எலுமிச்சம்பழ மாலை கோக்க வேண்டியிருந்தது. கோர்க்கும் அக்காவிடம் கேட்டு, பழங்களை முதலில் வகுப்புக்குக் கொண்டு வந்தேன். விதி இரண்டே இரண்டு:

1. பத்துப் பழம் சேர்ந்தால் ஒரு பையில் போட வேண்டும்.
2. பத்துப் பை சேர்ந்தால் ஒரு கூடையில் வைக்க வேண்டும்.

தரையில் சாக்கட்டியால் மூன்று கட்டம் போட்டேன்: கூடை, பை, தனிப்பழம். எண்ணி முடித்தபோது கூடை ஒன்று, தனிப்பழம் எட்டு. நடுக்கட்டம் காலியாக இருந்தது. "இங்க என்ன எழுதலாம்?" என்றேன். போன வாரம் நோட்டை மூடியவனே சொன்னான்: "வெளிய பை ஒன்னும் இல்ல அண்ணா. சுழியம்!" கட்டங்களுக்குக் கீழே 108 தானாக வந்து நின்றது.

"அப்போ ஆயிரத்தெட்டுக்கு?" "பத்துக் கூடை வேணும். அதை ஒரு லாரியில ஏத்தணும்" என்றான் இன்னொருவன். லாரி 1, கூடை 0, பை 0, பழம் 8. இரண்டு சுழியம் ஏன் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 29 பழம் எடுக்கச் சொன்னேன். தனிப்பழம் எட்டுதான் இருக்கிறது, ஒன்பது வேண்டும். பை கேட்டால் வெளியே பையும் இல்லை. கூடையைத் திறந்தார்கள், பத்துப் பை வந்தது. ஒரு பையைப் பிரித்தார்கள். இப்போது ஒன்பது பை, பதினெட்டுப் பழம். அதில் இரண்டு பையும் ஒன்பது பழமும் போக மிச்சம் 79. 'கடன் வாங்குவது' என்று நாம் மனப்பாடம் செய்தது, உண்மையில் கட்டைப் பிரிப்பதுதான்!

உங்கள் வட்டாரத்தில் வகுப்பு எடுக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

முதலில் பொருள், அப்புறம் கட்டம், கடைசியில்தான் எண். பழம் இல்லையென்றால் காசு போதும். பத்து 10 சென் சேர்ந்தால் 1 ரிங்கிட், பத்து 1 ரிங்கிட் சேர்ந்தால் 10 ரிங்கிட். 20 சென், 50 சென், 5 ரிங்கிட் எல்லாம் முதல் நாளில் வேண்டாம், பத்துப் பத்தாகக் கட்டுவது குழம்பிவிடும். 207, 340 மாதிரி சுழியம் உள்ள எண்களைக் கட்டாயம் கொடுங்கள். பிள்ளை தப்பாக எழுதினால் உடனே திருத்தாமல், "எப்படிப்பா எழுதுன?" என்று கேளுங்கள்.

அன்று மதியம் பழங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பையன்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். "சரியா இருக்கா தம்பி?" என்று அக்கா கேட்டார். "ஒரு கூடை, எட்டுப் பழம். எண்ணிப் பாருங்க" என்றான்.