தேயிலையை ருசித்து வாங்குவோம்



பருப்பில் சிறு வித்தியாசம் இருந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். டீத்தூள் மாறினால் மறுநாள் காலையே தெரிந்துவிடும். மாத மளிகை முழுவதும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆகவே புதுச் சரக்குக்கு மூட்டைக் கணக்கில் ஆர்டர் சொல்லுமுன், மாதிரி வாங்கி வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

இப்போது விற்கும் தூளையும் புது மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் போடவேண்டும். தூள் 2 கிராம், கொதிநீர் 100 மில்லி, மூடிவைத்து 6 நிமிடம். 1980-இல் வந்த ஐ.எஸ்.ஓ. தரமுறையின் அளவு இது. (2 கிராம் நிறுக்க நகைக்கடை நண்பரிடம்தான் போகவேண்டும்!) முதலில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடியுங்கள். புகை நாற்றம், பூசண வாடை எல்லாம் அப்போதுதான் பிடிபடும். பிறகு பால் சேருங்கள். அசாம் தூள் பாலிலும் திடமாக நிற்கும். நீலகிரித் தூளுக்கு மணமே பெருமை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்தது விசேஷம். பெரிய இலைத் தேயிலையை டஸ்ட் போலக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும்.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடினத் தண்ணீரில் நல்ல தூளும் மங்கும். உங்கள் தெருவில் புழங்கும் தண்ணீரிலேயே போட்டுப் பாருங்கள்.

நிறம் அளவுக்கு மீறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். வடிதாளில் தூளைப் பரப்பி நீர் தெளித்து, தூளை நீக்கித் தாளைக் குழாயில் அலசுங்கள். கறை பளிச்சென்று நின்றால் சாயம் ஏற்றிய சரக்காக இருக்கலாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற கடைக்காரரும் பதில் சொல்லவேண்டும். கொள்முதல் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.