டிம்மரில் துடிக்கும் பல்பு

அப்பா காலத்து டிம்மர் படுக்கையறையில் இன்னும் இருக்கிறது. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்இடி மாட்டினேன். வெளிச்சத்தைக் குறைத்தால் படபடவென்று துடிக்கிறது. கோளாறு பல்பிலா, டிம்மரிலா?
– வாசகி, சோரியாங்குப்பம்

இரண்டிலும் கோளாறு இல்லை, பயப்படாதீர்கள். ஜோடிதான் பொருந்தவில்லை.

உங்கள் டிம்மர் 60, 100 வாட் குண்டு பல்புக்காகச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் முன்பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் டிம்மர் அனுப்பும். குண்டு பல்பின் இழை அதற்குள் சூடு ஆறாது. வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்இடியின் அடிப்பாகத்தில் உள்ள ‘டிரைவர்’ என்ற மின்சுற்றோ அதில் தடுமாறுகிறது. 9 வாட் இழுப்பு அந்த டிம்மருக்குப் போதவும் போதாது.

2014-லேயே அரசுத் திட்டத்தில் எல்இடி வந்துவிட்ட ஊர் நம் புதுச்சேரி. பல்பு மாறியும் சுவரில் பழைய டிம்மரே நிற்கும் வீடு உங்களுடையது மட்டுமல்ல.

கடையில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘டிம்மபிள்’ என்று அச்சிட்ட பல்பையும், எல்இடிக்கென்றே வரும் டிம்மரையும் சேர்த்து வாங்குங்கள். பல்பை மட்டும் மாற்றினால் பழைய டிம்மரில் துடிப்பு மிஞ்சலாம்.

செலவு குறைய வேண்டுமா? எலக்ட்ரீஷியனிடம் சொல்லி டிம்மரை எடுத்துவிட்டு, சாதாரண சுவிட்ச் போடுங்கள். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் படிப்படியாக வெளிச்சம் குறையும் எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. படுக்கையறைக்கு நான் சொல்வது இதைத்தான். ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடியை இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.