பேலடைசர் நின்றால் பெட்டியைப் பாருங்கள்

எண்ணெய், குடிநீர், பழச்சாறு என்று எதை நிரப்பும் ஆலையாக இருந்தாலும், அடுக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்திருந்தால், வரிசையின் கடைசியில் பேலடைசர் நிற்கும். பாட்டில் நிரம்பி, மூடி திருகி, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டிக்குள் போய், டேப் ஒட்டி வருகிற சரக்கை அடுக்கடுக்காகப் பேலட்டின் மேல் ஏற்றிவைப்பது அதன் வேலை. கடைசியில் நிற்பதாலேயே, முன்னால் நடந்த அத்தனை கோளாறும் அதனிடம் வந்துதான் வெளியே தெரியும். பெட்டி சிக்கினாலும் லேயர் கோணினாலும் அடுக்கு சரிந்தாலும் ஷிஃப்ட் புத்தகத்தில் 'பேலடைசர் பிரேக்டவுன்' என்றுதான் எழுதுவார்கள். பல ஆண்டுகள் இந்த இயந்திரங்களைப் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் பெட்டியிலோ, மரப் பேலட்டிலோ, பெட்டி வந்து சேரும் கன்வேயரிலோதான் இருந்தது.

இயந்திரம் செய்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்வேயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பெட்டிகளில் தேவையானவற்றை மட்டும் திருப்பி, வரிசையாக நிறுத்துகிறது. வரிசை சேர்ந்ததும் புஷர் அதை மேசைக்குத் தள்ளுகிறது. வரிசைகள் சேர்ந்து ஒரு லேயர் ஆனதும், நாலு பக்கமும் அணைத்து ஓரங்களைச் சீராக்குகிறது. பிறகு அடியில் இருக்கும் தட்டு இரண்டாகப் பிரிந்து விலக, லேயர் முழுதாகப் பேலட்டின் மேல் உட்காருகிறது. இந்த வேலை முழுக்கச் சில நம்பிக்கைகளின் மேல் நடக்கிறது. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி உண்டு, கீழே இருக்கும் பேலட் மட்டமாக இருக்கிறது என்று இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி நம்புகிறது. அதில் ஒன்று பொய்த்தாலும் இயந்திரம் நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையால் அடுக்கிக்கொண்டிருந்த மூத்த லோடுமேன் ஒருவர் புதிய இயந்திரத்தின் பக்கத்தில் ஆபரேட்டராக நிறுத்தப்பட்டிருந்தார். நான் சென்சார்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, மெஷின்ல என்ன தேடுறீங்க? பெட்டி வயிறு எப்படி உப்பியிருக்குன்னு பாருங்க" என்றார். அன்றைக்குச் சிக்கலுக்குக் காரணம் அவர் சொன்னதுதான். அடுக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் கையால் செய்தவர்களை இயந்திரம் வந்ததும் வெளியே அனுப்பும் ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய அநியாயம், ஆலைக்கும் நட்டம். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் நிற்கும், எது சரியும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

பெட்டியின் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். நம் ஆலைகளில் பரவலாக உள்ள பேலட் 1,200 × 1,000 மில்லிமீட்டர். 400 × 300 அளவுள்ள பெட்டி இதற்கு அழகாகப் பொருந்தும். நீளத்தில் மூன்று பெட்டி வைத்த வரிசைகள் இரண்டு, பெட்டிகளைத் திருப்பி நான்காக வைத்த வரிசை ஒன்று, ஆக மொத்தம் பத்துப் பெட்டி. பேலட்டில் ஒரு விரல் இடம்கூட வீணாகாது. ஆனால் பெட்டி வாங்கும் பிரிவு பெரும்பாலும் உள்ளளவைச் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்கும். 400 × 300 என்பது உள்ளளவாக இருந்து, பெட்டி ஐந்து ப்ளையாகவும் இருந்தால், ஒரு சுவருக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தாலே வெளியளவு 412 × 312 ஆகிவிடும். மூன்று நீளம் சேர்ந்தால் 1,236. நான்கு அகலம் சேர்ந்தால் 1,248. சரக்கு நிரம்பியதும் வயிறு உப்பும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேலட்டை விட்டுப் பெட்டி வெளியே தொங்குகிறது, இல்லையென்றால் அணைக்கும் தட்டு முழுதாக மூட முடியாமல் அலாரம் அடிக்கிறது. மெயின்டனன்ஸ்காரர் வந்து சிலிண்டரை மாற்றுவார், சென்சாரை நகர்த்துவார். கோளாறு பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே முதல் யோசனை இதுதான்: பெட்டியை வெளியளவு சொல்லி வாங்குங்கள்; சரக்கு நிரப்பி, டேப் ஒட்டி, உப்பியபின் அளந்து சரிபாருங்கள்.

பெட்டி வெளியே தொங்கினால் என்ன, கொஞ்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அட்டைப்பெட்டி தாங்கும் பாரத்தில் பெரும் பங்கை அதன் நான்கு செங்குத்து மூலைகள் சுமக்கின்றன. பக்கச் சுவரின் நடுப்பகுதி வளைந்து கொடுத்துவிடும். மூலை பேலட்டை விட்டு அரை அங்குலம் வெளியே போனாலே தாங்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது பெட்டித் தொழிலில் வழங்கும் கணக்கு. செங்கல் கட்டுமானம் போல ஒரு லேயரை மாற்றி ஒரு லேயர் பின்னி அடுக்கினால், மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுச்சுவரில் இறங்கும். அப்போது பாதி பலம்வரை குறையலாம். மூலைக்கு மேல் மூலையாக நேராக அடுக்கினால் பலம் முழுதாகக் கிடைக்கும், ஆனால் அடுக்கு ஒன்றோடொன்று பிடிக்காது. லாரி குலுங்கினால் தனித்தனித் தூணாகச் சாயும்.

இரண்டில் எது சரி என்று கேட்டால், கனமான சரக்குக்கு நான் பரிந்துரைப்பது கலவை: கீழ் லேயர்கள் நேராக, மேலே கடைசி ஒன்றிரண்டு லேயர் மட்டும் பின்னலாக. பாரம் முழுவதும் கீழே இறங்குவதால் அங்கே மூலை முக்கியம்; மேலே பாரம் குறைவு என்பதால் பிடிப்பு முக்கியம். இடையில் ஓர் அட்டைத்தாள் போட்டால் இன்னும் நல்லது. பேலடைசரில் லேயர்களை இப்படி மாற்றி அடுக்கத் தனிச் செலவு கிடையாது, பேட்டர்ன் திரையில் லேயர்வாரியாக மாற்றிவைத்தால் போதும். மூட்டைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூட்டைக்கு மூலை ஏது? அங்கே பின்னல் கட்டாயம். அடுக்குவதற்கு முன் மூட்டையில் தங்கிய காற்றை அமுக்கி வெளியேற்றித் தட்டையாக்குவதும் கட்டாயம்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அட்டை ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அட்டைப்பெட்டியின் பலம் பாதியாகக் குறையும். வெயில் காலத்தில் ஆறு அடுக்கு தாங்கிய பெட்டி அப்போது அடிலேயரிலேயே நசுங்கும். இன்னும் விரிக்காத பெட்டிகளின் கட்டுகளைத் தரையில் போடாமல் பேலட்டின் மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் மழைக்காலம் முடியும்வரை ஒரு லேயரைக் குறைத்துவிடுங்கள். விற்பனைப் பிரிவு முணுமுணுக்கும். திரும்பி வரும் நசுங்கிய சரக்கைவிட அந்த முணுமுணுப்பு மேல்.

மரப் பேலட்டைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. பெரும் தொகை போட்டு இயந்திரம் வாங்கிவிட்டு, அதற்குள் உடைந்த பலகையும் துருத்திய ஆணியுமாகப் பேலட்டைத் தள்ளுகிறார்கள். பேலட் மேகசினில் அடுக்கிய பேலட்டுகளை இயந்திரம் ஒவ்வொன்றாகக் கீழே விட வேண்டும். ஒன்றின் ஆணி மற்றொன்றைக் கவ்விப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து வரும், இல்லை ஒன்றுமே வராது. அடிப்பலகை உடைந்திருந்தால் செயின் கன்வேயரில் கோணலாகப் போகும். லேயர் நேராக இறங்கினாலும் அடுக்கு கோணலாகத்தான் நிற்கும். மேற்பலகைகளுக்கு இடையே சந்து அகலமாக இருந்தால் பெட்டியின் மூலை அதில் இறங்கும். மேகசினுக்கு முன்னால் ஒருவர் நின்று சுத்தியலும் கையுமாகப் பேலட்டைச் சரிபார்த்து அனுப்பட்டும். இந்த ஒரு வேலையைச் செய்த ஆலைகளில் நிறுத்தங்கள் குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏற்றுமதிக்குப் போகிற மரப் பேலட் என்றால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை குத்தியதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கன்வேயரில் கவனிக்க வேண்டியது இடைவெளி. இரண்டு பெட்டி ஒட்டி வந்தால் போட்டோசெல் அதை ஒன்றாக எண்ணும். லேயரில் ஒரு பெட்டி கூடிவிடும். பின்னால் உள்ள பெல்ட்டைவிட முன்னால் உள்ள பெல்ட் வேகமாக ஓடினால்தான் இடைவெளி பிறக்கும். பெல்ட் தேய்ந்து வழுக்கினால் அது போய்விடும். ஷ்ரிங்க் சுற்றிய தண்ணீர் பாட்டில் கட்டு என்றால், ஒளி அதற்குள் ஊடுருவிப் போய் சென்சாரை ஏமாற்றும். அதற்கேற்ற சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். அட்டைத்தூள் ரிஃப்ளெக்டரில் படியும், ஷிஃப்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். ஏர் லைனில் தண்ணீர் சேர்ந்தால் சிலிண்டர் மந்தமாகும். டிரெயினைத் திறந்துவிடுவது காலையில் முதல் வேலையாக இருக்கட்டும். டேப்பின் முனை ஒட்டாமல் தொங்கினால் அதுவே ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 24 பெட்டி வருகிறது, பேலட் மாற்ற 20 நொடி ஆகிறது என்றால், அதற்குள் எட்டுப் பெட்டி வந்து நின்றுவிடும். அவை நிற்க கன்வேயரில் இடம் வேண்டும். தேங்கியதை விழுங்க, நிரப்பும் இயந்திரத்தைவிடப் பேலடைசருக்குக் கொஞ்சம் கூடுதல் வேகமும் வேண்டும். இரண்டும் சம வேகத்தில் வாங்கப்பட்ட வரிசைகள் என்றைக்கும் நின்று நின்றுதான் ஓடும்.

இனிச் சொல்லப்போவதை ஆபரேட்டர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினால் மோட்டார் நிற்கும். பேலட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும் லிஃப்டின் எடை நிற்காது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றும் பல இயந்திரங்களில் அப்படியே இருக்கும். சிக்கிய பெட்டியை இழுத்த கணத்தில் புஷர் பாயக்கூடும், லிஃப்ட் இறங்கக்கூடும். உள்ளே போகும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். உங்கள் பூட்டு, உங்கள் சாவி, உங்கள் பையில். காற்றை வெளியேற்றுங்கள். லிஃப்டுக்கு எந்திரப் பின் போட்டுத் தாங்குங்கள். பிறகுதான் கால் வைக்க வேண்டும். வேலி போடுவதும், ஓடும் இயந்திரத்தின் அருகே யார், எப்படி வேலை செய்யலாம் என்பதும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளிலேயே சொல்லப்பட்டிருந்தன. இருந்தும் கதவு சுவிட்சை ஏமாற்ற அதன் எதிர்முனையைக் கழற்றி ஒட்டிவைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். அடுக்கு முடிந்த பேலட் வெளியே வரும் வாயிலில் ஒளித்திரை இருக்கும். பேலட் வரும்போது மட்டும் அது தானாக விலகி வழிவிடும். அந்தச் சில நொடிகளில் பேலட்டோடு சேர்ந்து ஆள் உள்ளே நுழையக்கூடாது. ஏன் இப்படி நுழைகிறார்கள் என்று யோசித்தால், மறுபடி பெட்டிக்கே வருவோம். அடிக்கடி சிக்குகிறது, ஒவ்வொரு முறையும் பூட்டித் திறக்க நேரமில்லை, மேற்பார்வையாளர் அவசரப்படுத்துகிறார். சிக்கலைக் குறைத்தால் உள்ளே போகும் தேவையே குறையும். பெட்டி அளவைத் திருத்துவதை நான் பாதுகாப்பு வேலையாகவே கருதுகிறேன்.

இயந்திரம் வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு: கையால் அடுக்குவது எவ்வளவு பாரம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஐந்து பெட்டி, பெட்டி 12 கிலோ என்றால் மணிக்கு 3,600 கிலோ. ஏழு மணி நேரத்தில் 25 டன்னுக்கு மேல் ஒருவர் முதுகு வழியாகப் போகிறது. இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும். ஆனால் பேலட் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். நம்மூரில் பல சரக்குகள் ஆலையின் டாக்கிலேயே பேலட்டிலிருந்து பிரிக்கப்பட்டு லாரியில் தனிப்பெட்டியாக ஏற்றப்படுகின்றன, ஏனென்றால் போய்ச் சேரும் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. அப்படியென்றால் ஒரு முதுகின் பாரம் இன்னொரு முதுகுக்கு மாறியதுதான் மிச்சம். வாங்கும் வியாபாரியோடு பேசி, பேலட்டோடு எடுத்துக்கொள்ளச் செய்த பிறகு இயந்திரம் வாங்குவது நல்லது.

ஒரே வகைப் பெட்டி, நிற்காமல், வேகமாக வருகிறது என்றால் லேயர் பேலடைசர். பல வகைப் பெட்டிகள் மாறி மாறிக் குறைந்த வேகத்தில் வருகின்றன என்றால் ரோபோ. லேயர் வகையிலும் பெட்டி தரைமட்டத்திலேயே வந்து சேரும் அமைப்பை நான் விரும்புகிறேன். சிக்கினால் ஏணி ஏறாமல் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்: இயந்திரம் செய்பவரின் பட்டறையில் சோதனை ஓட்டம் நடக்கும்போது ஓட வேண்டியவை உங்கள் பெட்டிகள், உங்கள் பேலட்டுகள். அவர்கள் வைத்திருக்கும் புத்தம்புது மாதிரிப் பெட்டிகளில் எந்த இயந்திரமும் ஓடும். உங்கள் குடோனில் கிடக்கும் உப்பிய பெட்டி, பழைய பேலட், தொங்கும் டேப் எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி அனுப்புங்கள். ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டச் சொல்லி, நின்ற ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டபின் பணம் கொடுங்கள்.