ஆய்வு முடியும்வரை அணை இல்லை

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரையைப் படித்தேன். ஓர் ஆற்றைக் காக்க ஆய்வு, குழு, மசோதா என்று ஆண்டுக்கணக்கில் பேசுவதெல்லாம் தட்டிக்கழிக்கும் வேலை என்று முடித்திருக்கிறாய். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1968 அக்டோபர் 2 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட அமெரிக்க ஆறுகள் சட்டத்தைச் சான்று காட்டுகிறாய். அதில் உடனடிக் காவல் பெற்ற எட்டு ஆறுகளோடு நின்றுவிட்டாய். ஏழாம் பிரிவைப் படித்தாயா? ஆய்வுக்கென ஓர் ஆற்றின் பெயரை நாடாளுமன்றம் குறித்துவிட்டால், சட்டம் தரும் ஆய்வுக்காலத்தில் அங்கே அணை கட்ட மத்திய மின்சார ஆணையம் உரிமம் தர முடியாது. யோசிக்கத் தொடங்கியதுமே ஆற்றுக்குக் காவல் கிடைத்துவிடுகிறது. இதைத் தட்டிக்கழிப்பு என்பாயா?

வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் ஓடும் நியூ ஆற்றின் கதையைக் கேள். ஒரு மின் நிறுவனம் அதில் இரண்டு அணைகள் கட்ட விரும்பியது. நம் காடம்பாறையில் உள்ளதைப் போன்ற நீரேற்று மின்நிலையம். அத்தகைய நிலையம் தருவதைவிட அதிக மின்சாரத்தை நீரை மேலேற்றவே செலவிடும். போதாததற்கு, கீழே கனாவா ஆற்றில் சேரும் ஆலைக்கழிவை நீர்க்கச் செய்யக் கூடுதல் நீர் தேக்க வேண்டும் என்று உள்துறையே கேட்க, திட்டம் பெருத்தது. ஏறத்தாழ 40,000 ஏக்கர் மூழ்க இருந்தது. பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக உழுது வாழ்ந்த குடும்பங்கள் எதிர்த்து நின்றன.

1974 ஜூனில் ஆணையம் உரிமம் கொடுத்தது. நாடாளுமன்றம் முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்பதால், 1975 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வரும் என்றது. ஆற்றை ஆய்வுப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை செனட் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவையின் விதிகள் குழு அதை முடக்கிவிட்டது. கெடு முடிந்தது, உரிமம் உயிர்பெற்றது.

பிறகு எத்தனை பாடு பார்! வட கரோலினா தன் மாநிலச் சட்டப்படி 26.5 மைல் நீளத்தைக் காவலுக்குரியதாக அறிவித்தது. அதை 1968 சட்டத்தின் காவல் பட்டியலில் சேர்க்கும்படி ஆளுநர் விண்ணப்பித்தார். 1976 மார்ச்சில் உரிமம் செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏப்ரலில் உள்துறைச் செயலர் தாமஸ் கிளெப்பி ஆற்றைப் பட்டியலில் சேர்த்தும், உரிமம் அசையவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. செப்டம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட பிறகுதான் அணை ஒழிந்தது. 1974-இல் அந்த ஆய்வு மசோதா நிறைவேறியிருந்தால், முதல் நாளே உரிமத்துக்குப் பூட்டு விழுந்திருக்கும். ஆய்வு நடந்ததால் அல்ல, ஆய்வைத் தடுத்ததால்தான் அந்த ஆறு மூழ்கப் பார்த்தது.

பட்டியலில் சேர்ந்தால் மக்களை விரட்டிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். தவறு. நியூ ஆற்றின் கரையில் இன்றும் பண்ணைகள் இருக்கின்றன. மக்களை விரட்ட இருந்தது அணைதான்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஸ்னேக் ஆற்று வழக்கில் 1967-இல் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு. அணையை யார் கட்டுவது என்று வழக்காடி வந்தவர்களிடம், அணை வேண்டுமா என்பதையே ஆணையம் ஆராயவில்லையே என்றார் அவர். அணை எழுந்த பிறகு அந்தக் கேள்வியை யார் கேட்க முடியும்? அதற்கு முன்னால் கேட்பதற்குத்தான் ஆய்வும் குழுவும். உங்கள் வகுப்பில் எல்லோரும் சட்டத்தின் முகவுரையை மட்டும் படித்துவிட்டுப் பேனாவைத் திறக்கிறீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. இனி ஆறு காக்கும் மசோதா எதைப் படித்தாலும், ஆய்வு முடியும்வரை உரிமத்துக்குத் தடை உண்டா என்ற பிரிவை முதலில் தேடு. அது இல்லாத மசோதாவை நம்பாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்