பழைய பீங்கானில் ரசம் வேண்டாம்

லண்டனின் சவுத்தால் பகுதியில், கால்வாய்க் கரையில் 1877 முதல் மார்ட்டின் சகோதரர்கள் நால்வர் உப்பு மெருகேற்றிய மண்பாண்டங்கள் செய்தார்கள். குறும்பாக முறைக்கும் பறவை ஜாடிகள்தான் அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. தலையைத் தூக்கினால் அதுவே மூடி. இன்று அவை ஏலத்தில் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகின்றன. நம் மேசையை அழகுபடுத்தச் சாரிட்டி ஷாப்பில் கிடைக்கும் பழைய தட்டு போதும்.

வாங்குமுன் விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, 'டொக்' என்றால் எங்கோ விரிசல். பின்பக்கம் 'இங்கிலாந்து' என்று அச்சிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்காவின் இறக்குமதிச் சட்டம் கொண்டுவந்த வழக்கம் அது.

பழைய மெருகிலும் வண்ணப் பூவேலையிலும் ஈயம் இருக்கலாம். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து இழுக்கும். ஆகவே ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய், தயிர் எதற்கும் இவை ஆகாது. பார்க்க எவ்வளவு அழகாயிருந்தாலும் குழந்தைக்கு இவற்றில் சோறு போடாதீர்கள். மேலே வாழையிலை விரித்து முறுக்கு, அதிரசம் அடுக்கலாம். சாப்பிடப் புதுத் தட்டே சரி.

மெருகில் சிலந்தி வலைபோல் கீறல் ஓடியிருந்தால் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும், பிறகு போகவே போகாது. தங்க விளிம்புத் தட்டை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். டிஷ்வாஷரும் வேண்டாம், வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி. அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு நடுவே ஒரு டிஷ்யூ தாள் வையுங்கள்.